மகள் வந்து தங்கிய வீடு

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் இருக்கிறவரை சபூராவுக்கு பிம்ப்ரி பிடிக்காது. மீனில் ருசியில்லை, தேங்காயில் பாலில்லை, எதிர் வீட்டில் சாவு விழுந்தாலும் பேப்பர்காரன் வந்து சொன்னால்தான் தெரியும் என்று மூக்கால் அழுவாள். அதே சபூரா வருடத்துக்கு ஒருமுறை காயல்பட்டினம் போய் இறங்கினால் பேச்சு அப்படியே மாறிவிடும். புனே மாதிரி ஊர் உண்டா, மே மாதத்திலும் விடியற்காலையில் போர்வை தேடும், ஆட்டோக்காரன்கூட மீட்டருக்கு மேல் வாய் திறக்க மாட்டான் என்று அளந்து விடுவாள். காயல்பட்டினத்துப் பெண்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஊரிலும் அவளை நம்பினார்கள். எந்த ஊரில் இல்லையோ அந்த ஊரில்தான் அவள் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தாள். இதில் அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரைவிட்டு வந்தவர்கள் பலரும் இப்படித்தான்.

அவள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அங்கே பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அவள் தாய் வீட்டைவிட்டுப் போவதில்லை. வீடே பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்கு மாமியார் வீட்டுக்கு வருவார், காலையில் தன் ஜோலியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். ஆண்கள் கொழும்பு, ஹாங்காங், சென்னை என்று வியாபாரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாயும் மகள்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். வீடுகளின் பின்பக்கம் முடுக்கு என்று ஒரு குறுகலான சந்து ஓடும். ஆண்கள் அதில் கால் வைக்க மாட்டார்கள். ஒரு கிண்ணத்தில் வட்டலப்ப இனிப்பை ஏந்திக்கொண்டு முடுக்கு வழியாகவே நாலு தெருவைத் தாண்டி, தோழி வீட்டில் உட்கார்ந்து ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்துவிட்டு வரலாம். சபூரா அப்படி வளர்ந்தவள். அவள் புருஷன் பாட்சா பிம்ப்ரி மார்க்கெட்டில் பைகள் விற்கிற கடை வைத்தவர். ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போய், தொண்ணூற்றொன்றில் அவளையும் ஆறு வயது மகள் நாஸியாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாஸியா புனேக்காரியாகவே வளர்ந்தாள். வீட்டில் தமிழ், படிக்கட்டு இறங்கினால் ஹிந்தி, கடையில் மராட்டி. கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போவாள். லீவுக்குக் காயல்பட்டினம் போனால் இரண்டாவது நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"உங்க ஊர்ல லேடீஸ் எல்லாம் பின்னாடி சந்துல நடக்குறாங்க. அது என்ன லைஃப் உம்மா? அப்படியே ஜெயில்தான்."

"ஜெயிலா? ஏளா, ஆம்பளைஹதாம்ளா ரோட்டச் சுத்திப் போவணும். எங்களுக்குக் குறுக்கு வழி. நீ ஸ்கூட்டிய எடுத்துட்டு ஊரெல்லாம் சுத்துறியே, போயி உக்காந்து பேச ஒரு வீடு இருக்காளா ஒனக்கு?"

"மாலுக்குப் போவேன்."

"மாலு ஒன்னய சாப்பிட்டியான்னு கேக்குமா?"

இந்த வழக்கு அந்த வீட்டில் வருடக்கணக்காக நடந்தது. சிரித்துக்கொண்டேதான் நடந்தது. ஆனால் நாஸியாவின் கல்யாணப் பேச்சு வந்தபோது அதற்குத் தீர்ப்பு சொல்ல வேண்டிய நேரமும் வந்தது. காயல்பட்டினத்திலிருந்து சபூராவின் அக்கா பாத்திமா ஒரு நல்ல சம்பந்தம் சொன்னாள். நாஸியா முடியவே முடியாது என்றாள். புனேயிலேயே தௌஃபீக் என்ற பையன் அமைந்தான். கரூர்ப் பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்தவர்கள். பையனுக்கு மகர்பட்டாவில் ஐ.டி. வேலை, அங்கேயே பன்னிரண்டாவது மாடியில் வீடு. தமிழ் பேசுகிறவர்கள், நம் மார்க்கக்காரர்கள், இதைவிட என்ன பொருத்தம் வேண்டும் என்று பாட்சா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பெண் எந்த வீட்டில் தூங்குவாள் என்ற ஒரே விஷயத்தில் அந்தக் குடும்பமும் இந்தக் குடும்பமும் வேறு வேறு உலகம் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்தி ஊருக்குப் போனது. பாத்திமா போனில், "பாவம்ளா புள்ள. அடுத்தவ வீட்டுல போயி குடியிருக்கப் போவுது" என்றாள்.

அது சபூராவுக்குச் சுருக்கென்று தைத்தது. மானம் போன மாதிரி இருந்தது. பதினைந்து வருடமாகப் புனே வாழ்க்கையைப் பீற்றிக்கொண்டவள், இப்போது மகள் ஊர்ப் பெண்களைவிட ஒரு படி கீழே போய்விட்டாள் என்று எப்படி ஒத்துக்கொள்வாள்? "எம் மகளுக்கு ஒரு கொறையும் வராது ராத்தா. நீங்க பாக்கத்தானே போறிய" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஊருக்குக் காட்ட ஓர் அத்தாட்சி தேவைப்பட்டது.

அத்தாட்சியை நாஸியாவே கொண்டுவந்தாள். நிக்காஹ் முடிந்து இரண்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஹேண்ட்பேக் மட்டும் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஸ்கூட்டி அம்மா வீட்டு பார்க்கிங்கிலேயே கிடந்ததால், மகர்பட்டாவிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருந்தாள். சபூராவுக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காய்ச்சோறு ஆக்கினாள், கறிக்குழம்பு வைத்தாள். நாஸியா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை தூங்கினாள்.

அடுத்த முறை வந்தபோது தோளில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்கடுத்து வாப்பா பாட்சாவின் கடை ஏர்பேக். மழைக்காலம் முடிந்தபோது கல்யாணத்துக்குக் கொடுத்த சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸையே படிக்கட்டில் தடதடவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். பை பெரிதாகப் பெரிதாக சபூராவின் சந்தோஷமும் பெரிதானது.

"ராத்தா, இப்ப வாரத்துல பாதி நாளு இங்கதான்" என்று பாத்திமாவிடம் போனில் சொன்னாள். "ஊர்ல நம்ம பொண்ணுவ இருக்க மாதிரிதான். மாமியாளும் ஒண்ணும் சொல்றதில்ல. வண்டிகூட இங்கதான் நிக்கிது. அவுஹளுக்கு அங்க ஒரு வீடு, எம் மகளுக்கு இங்க ஒரு வீடு."

"மாஷா அல்லாஹ். மாப்புள வாறாஹளா?"

"வருவாஹ. ஆபீஸ் வேலை."

மாப்பிள்ளைக்காக ஓர் அறையையே ஒழித்துப் போட்டிருந்தாள் சபூரா. ஊரில் மணமக்களுக்கு ஒதுக்குவார்களே, அந்த மாதிரி. புது மெத்தை, பூப்போட்ட தலையணை உறை, மேசைமேல் மூடி போட்ட தண்ணீர்ச் செம்பு. நாஸியா வந்த நாளெல்லாம் செம்பில் தண்ணீர் மாற்றுவாள். தௌஃபீக் ஒரே ஒரு தடவைதான் வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "சலோ" என்று நாஸியாவைப் பார்த்து, கிளம்பு என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னான். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டான். மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று சபூரா நினைத்தாள். புது மாப்பிள்ளைகள் ஊரிலும் அப்படித்தான், மாமியார் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மகள் எதற்காக வந்தாள் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. காயல்பட்டினத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. தன் வீட்டில் இருக்கிற பெண்ணைப் பார்த்து ஏன் இருக்கிறாய் என்று யாராவது கேட்பார்களா? புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றால் அங்கே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறுகிறவன் மாப்பிள்ளை. அவன் நாலு நாள் வரவில்லையென்றால்தான் மாமியார் கலங்குவாள். மகள் வருவதைப் பார்த்துக் கலங்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தர எதிர் வீட்டில் ஒருத்தி இருந்தாள். மல்லிகா, கோயம்புத்தூர்க்காரி. புருஷன் பாலச்சந்திரனுக்கு ஆகுர்டியில் ஃபாக்டரி வேலை. மல்லிகாவும் சபூராவும் பத்து வருடமாகக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு யார் ஊர் உசத்தி என்று சண்டை பிடிக்கிறவர்கள். தண்ணீரில் தொடங்கி முருங்கைக்காய்வரை எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு. பெரிய பெட்டியோடு நாஸியா வந்த மறுநாள் காலை மல்லிகா கறிவேப்பிலை கேட்டு வந்தவள் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். நாஸியா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, நாஸியாவுக்கு அங்க ஏதாச்சும் பிரச்சினையா?"

"என்ன பிரச்சினை?"

"இல்ல, நேத்து படியில பின்னாடி நின்னு கூப்புட்டேன், திரும்பவே இல்ல. இந்தப் பக்கமா வந்து கூப்புட்டதுந்தான் திரும்புச்சு. எடது காது மந்தமாட்ட இருக்குது. பெட்டி வேற பெருசா இருக்குது. எங்கூர்ல பொண்ணு பொட்டியோட வந்தா மொதல்ல மூஞ்சியத்தான் பாப்போம். எதுக்குக் கண்ணு வந்தேன்னு கேப்போம்."

சபூராவுக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தனை மாதமாகக் கட்டிவைத்த அத்தாட்சியை இவள் ஒரு பிடி கறிவேப்பிலைக்கு வந்த இடத்தில் உலுக்கிவிட்டாளே.

"ஒங்க ஊர்ல கேப்பிய. ஏன் கேப்பிய? திருப்பி அனுப்பத்தானே கேக்குறிய? பெத்த வீட்டுக்கு வந்த பொண்ணுக்கிட்ட கணக்கு கேக்குற வழக்கம் எங்களுக்கு இல்ல மல்லிகா. கண்ணு வைக்காத."

மல்லிகா முகம் சிவந்துபோய்ப் போய்விட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இவள் திருப்பிக் கொடுத்ததிலும் நியாயம் இருந்தது. மல்லிகாவின் நாத்தனாரை அப்படிக் கேள்வி கேட்டுத்தான் இரண்டு தடவை புருஷன் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள், அந்தக் கதையை சபூராவிடம் அழுதுகொண்டே சொன்னவளும் மல்லிகாதான். அன்றோடு இரண்டு வாசல் கதவுகளும் சாத்திக்கொண்டன.

காது விஷயம் சபூராவின் கண்ணில் படாமல் இல்லை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் நாஸியா சில நேரம் பதில் சொல்வதில்லை. மகள் அலுத்துப்போய் வந்திருக்கிறாள், ஆபீஸ்காரன் பெண்டாட்டிக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்று விட்டுவிட்டாள். மனிதர்களுக்குப் பார்க்க விருப்பமில்லாததற்குக் காரணம் கண்டுபிடிக்கிற புத்தி மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ.

அன்று சாயங்காலம் தாயும் மகளும் பால்கனியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். நாஸியா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"உம்மா, நான் இங்கயே இருந்துரட்டுமா?"

அவளுக்கு இவ்வளவுதான் சொல்ல வந்தது. உங்கள் ஊர் ஜெயில் என்று சொன்ன வாய். மகர்பட்டா கேட்டில் அவள் வெளியே போவதையும் வருவதையும் செக்யூரிட்டி எழுதிவைக்க, அதை மாமியார் இன்டர்காமில் விசாரிக்கிற கதையை அந்த வாயால் எப்படிச் சொல்வாள்? புனே வாழ்க்கைதான் வாழ்க்கை என்று வாதாடி ஜெயித்தவள். ஜெயித்தவளுக்கு முறையிட வழியில்லாமல் போயிற்று. இந்த ஒரு கேள்வியிலேயே உம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினாள். இந்த ஊரில் வேறு எந்தத் தாயாக இருந்தாலும் விளங்கியிருக்கும்.

சபூராவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்தது. முடுக்கை ஜெயில் என்ற மகள் கடைசியில் தன் ஊர் வழிக்கே வந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

"இருளா. இது ஒன் வீடுதானளா. இத ஒரு கேள்வின்னு கேக்குறியா?"

நாஸியா பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி பயமில்லை என்று அந்தப் பெண் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மறுநாள் பகலில் தௌஃபீக்கின் தாயும் தகப்பனும் வந்தார்கள். கையில் ஒரு கிலோ மிட்டாய்ப் பெட்டி. அந்தம்மா சோபாவில் உட்கார்ந்து சிரித்த முகமாகப் பேசினாள். "மருமக இல்லாம வீடு நல்லாவே இல்ல, சம்பந்தி. சின்னச் சின்னது எல்லார் வீட்லயும்தான். கூட்டிட்டுப் போலாம்னு வந்தோம்."

சின்னச் சின்னது என்றால் என்ன என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். சபூரா டீ போடுகிற அவசரத்தில் இருந்தாள். சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் நேரில் வந்து மகளை அழைக்கிறார்கள், எவ்வளவு மரியாதை, இதைப் பாத்திமா ராத்தாவிடம் இன்றே சொல்ல வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டிருந்தது. ஓர் எவர்சில்வர் டப்பா நிறைய தம்மடை போட்டுக் கட்டினாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவள் கையால் செய்கிற பலகாரம். பெட்டியை அவளே அடுக்கி, அவளே உருட்டிக்கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

நாஸியா அறை வாசலில் நின்று அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"போயிட்டு வாளா. வெள்ளிக்கிழமை வந்துரு" என்றாள் சபூரா.

நாஸியா அறையிலிருந்து வெளியே வந்தாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் படி இறங்கினாள். எதிர் வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. போன் செய்தால் மாமியார்தான் எடுத்தாள், தூங்குகிறாள் என்பாள், குளிக்கிறாள் என்பாள். சபூரா அதற்கும் பாத்திமாவிடம் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "புதுசா அங்க கிச்சன் செட் பண்ணுறாஹ. புனே வாழ்க்கை அப்படித்தானே ராத்தா, மூச்சு விட நேரம் கிடையாது." சொல்லும்போது அவள் குரல் வழக்கம்போல் உயரவில்லை. பாட்சா ஒருநாள் கடையிலிருந்து வந்து, "நான் போயி பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டார். அழைக்காமல் சம்பந்தி வீட்டுக்குப் போனால் மரியாதை இல்லை என்று அவள்தான் தடுத்தாள். மாப்பிள்ளை அறைச் செம்பில் தண்ணீர் மாற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ரமலானுக்கு முந்திய வாரம், ஒரு திங்கட்கிழமை. பாட்சா கடைக்குப் போய்விட்டார். சபூரா பருப்பைக் களைந்துகொண்டிருந்தபோது வெளியே காலிங்பெல் அடித்தது. தன் வீட்டு மணி இல்லை, எதிர் வீட்டு மணி. யாரோ மல்லிகாவைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று இருந்துவிட்டாள். அப்புறம் மல்லிகாவின் குரல் கேட்டது, "ஐயோ கண்ணு, என்ன கண்ணு இது?" என்று. அதன்பின் ஓர் அழுகைச் சத்தம். அந்த அழுகையை அவளுக்குத் தெரியும், தொட்டிலில் கேட்ட நாளிலிருந்து தெரியும்.

ஈரக்கையோடு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மல்லிகாவின் சோபாவில் நாஸியா உட்கார்ந்திருந்தாள். பெட்டி இல்லை, பை இல்லை, காலில் பாத்ரூம் செருப்பு. வலது மணிக்கட்டு வீங்கி, மல்லிகாவின் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரம் பழைய காயம் ஒன்று, புதிய காயம் ஒன்று. பாலச்சந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கீழே ஓடினார்.

 சபூராவின் வாயில் வந்தது இந்த ஒரு கேள்விதான்.

"ஏளா, நம்ம வீடு எதுத்தாப்புல இருக்கும்போது நீ ஏன் இங்க..."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் உம்மா." நாஸியா அவளைப் பார்க்காமலே பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இருந்துரட்டுமான்னு கேட்டேன். இருன்னு சொன்னீங்க. மறுநாள் நீங்களே சூட்கேஸை எடுத்து வெளிய வெச்சீங்க. தெரிஞ்சேதான் அனுப்புறீங்கன்னு நெனச்சேன். திருப்பி நம்ம வீட்டுக்கே வந்தா திருப்பி அனுப்புவீங்கள்ல?"

"எனக்கு எப்படிளா..."

"ஆன்ட்டி ஒரு தடவ படியில நிக்க வெச்சு கேட்டாங்க. எதுக்குக் கண்ணு வந்தேன்னு. நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். ஆனா கேட்டாங்க. நீங்க ஒரு தடவ கேக்கணும்னு ஒவ்வொரு வாட்டியும் பஸ்ல நெனச்சுட்டே வருவேன் உம்மா."

மல்லிகா டீ டம்ளரை நாஸியாவின் இடது கையில் பிடிக்க வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சபூராவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சபூரா சோபாவில் மகளுக்கு இடது பக்கம் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். எந்த ஊர் உசத்தி, எங்கே பெண் ராணி மாதிரி இருக்கிறாள் என்று இத்தனை வருடம் பேசிய வாய் உலர்ந்துபோயிருந்தது. வெட்கமும் பயமுமாக, அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற கூச்சமுமாக, குனிந்து மகளின் காதோரம் மெதுவாகக் கேட்டாள்.

"என்னளா நடந்துச்சு? எதுக்குளா வந்தே?"

நாஸியா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபூரா இன்னும் கொஞ்சம் நெருங்கி மறுபடி கேட்டாள். நாஸியா அசையவில்லை. பேச மனமில்லை போலும், இனி என்னிடம் பேசவே மாட்டாள் போலும் என்று சபூரா நினைத்தாள்.

"அந்தக் காதுல விழாதுங்க்கா" என்றாள் மல்லிகா. "இந்தப் பக்கமா வந்து கேளுங்க."

சபூரா எழுந்தாள். டீப்பாயில் முழங்கால் இடிக்க, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அங்கே உட்கார இடமில்லை. துண்டில் தொங்கிய கையில் பட்டுவிடாமல் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, வாசல் கதவு திறந்து கிடப்பதையும் மறந்து, படிக்கட்டு முழுவதும் கேட்கிற குரலில் அதே கேள்வியைக் கேட்டாள்.